கணித மேதை இராமானுஜன்

சேலம் நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்ததும் நாமக்கல்லை அடைகின்றது. வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லி மலையும் அரண்போல் நிற்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரியாறு வளைந்தோட, இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் அவ்வூர் அமைந்துள்ளது. ஊரின் நடுவே ஒரே பாறை குன்றென உயர்ந்து நிற்கின்றது. அதன் உச்சியில் பழங்கோட்டை ஒன்று உண்டு. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயில் உண்டு. அக்கோயிலில் எழுந்தருளியுள்ள தாயாருக்கு நாமகிரித் தாயார் என்பது பெயர்.

அத்தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய ஏழைக் குடும்பத்தில் தோன்றி, உலகக் கணித அறிஞர்களெல்லாம் வியக்கும் வண்ணம் வாழ்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அவர் உயிர்வாழ்ந்த காலம் 32 ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில் அவர் கண்ட விடைகள் பல்லாயிரம். எனினும், விடையைக் காண்பது ஒன்று. கண்ட விடை மெய்யானதே என்று சோதித்துத் தெளிவது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றிக் கணிதம் நிறைவு பெறாது என்பதை இராமானுஜனுடைய வரலாறு போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று இல்லை.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் காவிரிக் கரையிலுள்ள ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக் கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்து வந்தார். தாயார் கோமளத்தம்மாள் தெய்வபக்தி மிக்கவர். மகனிடத்தில் அளவிறந்த அன்பு கொண்டவர். கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறிய வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார்.

1897ஆம் ஆண்டு நடைபெற்ற தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருடைய கணித ஆற்றல் நாளுக்கு நாள் சுடர்விட்டு வளர்ந்தது. மேல் வகுப்பு மாணவர்களும் தமக்கு விளங்காத கணக்குகளை அவரிடம் கொண்டு வந்தனர்.

பள்ளியில் கண்ட விடை

அந்நாளில் மூத்த மாணவர் ஒருவர் இராமானுஜனைச் சோதிக்க விரும்பி ஒரு கணக்கைக் கொடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். இரண்டு எண்கள் உள்ளன. முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7 வருகின்றது. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11 வருகின்றது. அவ்வெண்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே கணக்கு. இராமானுஜன் சற்றும் தயங்காமல், முதல் எண் 9, இரண்டாம் எண் 4 என்று விடை கூறினார்.

இவ்விடை சரியானதா என்று அறிவது எளிது. 9இன் வர்க்கமூலம் 3. அதனோடு 4ஐக் கூட்ட 7 கிடைக்கின்றது. 4இன் வர்க்கமூலம் 2. அதனோடு 9ஐக் கூட்ட 11 கிடைக்கின்றது. கொடுத்த இரண்டு சமன்பாடுகளும் நிறைவு பெறுகின்றன. ஆகவே விடை சரியே.

மேலோட்டமாகப் பார்க்குங்கால் இக்கணக்கு எளியது போலத் தோன்றும். ஆனால் இதனைப் படிப்படியாகத் தீர்க்க முற்படும் மாணவன் ஒரு கண்ணியில் சிக்கிக்கொள்ளக் கூடும். வர்க்கமூலத்தை நீக்கும் பொருட்டு வர்க்கப்படுத்தும்போது நாற்படிச் சமன்பாடு ஒன்று தோன்றுகின்றது. அதற்கு நான்கு விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றின்படி இரண்டாம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.131 ஆகும். அப்படியானால் இரண்டாம் எண் 9.805, முதல் எண் 7.869. இவ்விடையை இரண்டாம் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 7.869 + 3.131 = 11 என்று சரியாகவே வருகின்றது. இதைக் கண்டு மகிழ்ந்து மாணவன் நின்றுவிட்டால் ஏமாந்து போவான். முதல் சமன்பாட்டிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். 7.869இன் வர்க்கமூலம் 2.805. அதனோடு 9.805ஐக் கூட்டினால் 12.610 வருகின்றதேயன்றி 7 வரவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? 9.805இலிருந்து 2.805ஐக் கழித்தால்தான் 7 வரும். அதாவது, கூட்டற்குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தற்குறி மறைந்து நின்று மாணவனை ஏய்த்துவிட்டது. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தினாலும், அதே எண்ணைக் கழித்தற்குறியோடு வர்க்கப்படுத்தினாலும் கிடைப்பது ஒன்றே. வர்க்கப்படுத்தும் அந்த ஒரு படியில் எண்ணின் குறி அழிந்துபோகின்றது. எஞ்சிய இரண்டு விடைகளில் இரண்டாம் எண்ணின் வர்க்கமூலமே கழித்தற்குறி பெற்று வருவதால் அவையும் தள்ளப்படுகின்றன. நான்கு விடைகளில் நிலைப்பது 9, 4 என்னும் ஒரு விடையே. இடையில் தோன்றிய சமன்பாட்டில் அன்று, தொடக்கத்தில் கொடுத்த சமன்பாடுகள் எல்லாவற்றிலும் விடையை இட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தனிவழிப் பயணம்

1902ஆம் ஆண்டில் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை இராமானுஜன் கற்றார். உடனே நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழியை வகுத்துக்கொண்டார். அவ்வெற்றி தந்த ஊக்கத்தால் ஐம்படிச் சமன்பாட்டையும் அதே வகையில் தீர்க்க முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. அது கைகூடாத முயற்சி என்பதை நார்வே நாட்டின் ஏபெல் என்னும் இளைஞர் 1824ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்திருந்தார். கும்பகோணத்துச் சிறுவனுக்கு அதனை எடுத்துச் சொல்வார் எவரும் இல்லை.

1903ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் அதில் நிரல்பட எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவற்றுக்கு உரிய விளக்கங்கள் மிகக் குறைவு. இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே ஆராய்ந்து சரிபார்த்தார். சரிபார்க்கும் முயற்சியே புதிய முடிபுகளுக்கு வழிகாட்டியது. தாள் வாங்கப் போதிய பணம் இல்லாமையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இதனால் விடை நின்றது, வழி அழிந்தது. பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் பட்ட பாட்டுக்கெல்லாம் இக்கற்பலகையும் ஒரு காரணம் எனலாம்.

1904ஆம் ஆண்டு கணிதத்துக்கு உரிய பரிசைப் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித் தொகையும் கிடைத்தது. ஆனால் கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்திருந்தமையால் பிற பாடங்களில் தவறினார். உதவித் தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909ஆம் ஆண்டில் ஜானகி அம்மாளுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்து சேர்ந்தபின், குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்தார்.

1910ஆம் ஆண்டில் திருக்கோவலூருக்குச் சென்று வி. இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907ஆம் ஆண்டில் தோற்றுவித்த அப்பெரியார் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்ததும் இளைஞரின் பெருமையை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். 1911ஆம் ஆண்டில் இராமானுஜனின் முதற் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கு மேலதிகாரியாக விளங்கிய நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். ஆதலின், இராமானுஜனுக்கு உற்ற துணையானார்.

பிழைபோல் தோன்றிய மெய்

தம் முடிபுகளைப் பேரறிஞர்கள் சோதித்துக் கூற வேண்டும் என்பது இராமானுஜனின் வேட்கை. அவற்றுள் சில லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஹில் என்பாருக்கு அனுப்பப்பெற்றன. 1, 2, 3, 4 என எண்களை முடிவின்றிக் கூட்டிக்கொண்டே சென்றால் வரும் மதிப்பு, கழித்தற்குறியோடு கூடிய பன்னிரண்டில் ஒரு பங்கு என்று அவற்றுள் ஒன்று கூறியது.

இதனைக் காணும் எவரும் திகைப்பர். கூட்டும் எண்கள் யாவும் கூட்டற்குறி உடையவை. அங்ஙனமிருக்க, விடையில் கழித்தற்குறி வருவது எவ்வாறு? இத்தகைய குறி தோன்றுமாயின் அதனை எச்சரிக்கை மணியாகக் கொள்ளுதல் மாணவர்க்கு நலம். ஒன்று, அதில் பாதி, அதில் பாதி என முடிவின்றிக் கூட்டினால் 2 வரும் என்று கூறும் சூத்திரம் சரியானதே. அதே சூத்திரத்தில் 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டால் கழித்தற்குறியோடு 1 என்று விடை வரும். சூத்திரம் தனக்குரிய எல்லையைக் கடந்து கையாளப்பட்டது என்பதையே அக்குறி காட்டுகின்றது. பேராசிரியர் ஹில்லும் இவ்வாறே கருதினார். இளைஞர் முடிவிலாத் தொடர்களின் கண்ணியில் வீழ்ந்துவிட்டார் என்று மறுமொழி எழுதினார்.

இராமானுஜன் கூறியதோ வழக்கமான கூட்டல் அன்று. எல்லையின்றி வளரும் தொடர்களுக்கும் ஒரு மதிப்பைப் பொருத்தும் தனிக் கொள்கை ஒன்றை அவர் தாமே வகுத்திருந்தார். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டு, 1859ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ரீமான் உறுதியான அடிப்படை தந்த கருத்தோடு அது ஒத்திருந்தது. பிழை குறியில் இல்லை. தம் கொள்கையைப் பிறர் அறியும்படி விளக்காமையே குறை. விளக்கம் இல்லாத மெய், பிறர் கண்ணுக்குப் பிழையாகவே தோன்றும்.

1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் கடிதத்தைக் குப்பையில் எறிந்துவிடுவது எளிது. ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டை அழைத்து, இருவரும் அமர்ந்து அம்முடிபுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். சில முன்னரே அறியப்பட்டவை, சில பிழைபட்டவை, வேறு சிலவோ அவர்கள் கனவிலும் காணாதவை. இதனை எழுதியவர் முதல்தரமான கணித அறிஞர் என்னும் முடிவுக்கு அவ்விருவரும் வந்தனர். ஹார்டி உடனே மறுமொழி எழுதி, முடிபுகளுக்கு உரிய நிறுவல்களை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பொறுமையோடு சரிபார்த்த அவ்விருவரின் உழைப்பே ஓர் எழுத்தரை உலகுக்கு வெளிப்படுத்தியது.

நாமக்கல் பயணம்

ஹார்டி இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். ஆனால் கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்துக்கு மாறானது என்று அவருடைய குடும்பத்தார் கருதினர். தாயாரின் உள்ளத்தை நோகச் செய்ய மகன் விரும்பவில்லை. ஒருபால் அறிவின் அழைப்பு. மறுபால் அன்னையின் அச்சம். இவ்விரண்டுக்கும் இடையே அவர் பெரிதும் தவித்தார்.

1913ஆம் ஆண்டின் இறுதியில் இராமானுஜன் நாராயண ஐயருடன் நாமக்கல்லுக்குப் புறப்பட்டார். புகைவண்டியில் சேலம் வந்து, அப்போது அங்குத் துணைக் கலெக்டராகப் பணியாற்றிய இராமசாமி ஐயரின் இல்லத்தில் தங்கினார் என்பர். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் சாலைவழியே செல்ல வேண்டியிருந்தது. அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2013ஆம் ஆண்டில்தான். இருவரும் மூன்று இரவுகள் கோயிலில் தங்கினர். மூன்றாம் இரவில் இராமானுஜன் விழித்தெழுந்து, கடல் கடந்து செல்லத் தாயாரின் ஆணை கிடைத்துவிட்டது என்று நண்பருக்கு உரைத்தார் எனக் குடும்ப வழக்கில் கூறப்படுகின்றது. கோமளத்தம்மாளும் தாம் கண்ட கனவொன்றினால் மனம் மாறி இசைந்தார் என்பர். 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார்.

தம் எண்ணங்கள் நாமகிரித் தாயாரின் அருளால் தோன்றுவன என்று அவர் நம்பினார். அவை எவ்வழியில் தோன்றினும், தாளில் எழுதப்பட்டபின் மற்ற முடிபுகளைப் போலவே சோதனைக்கு உட்பட வேண்டியவையாயின. சோதனைக்கு அஞ்சி அவர் அவற்றை மறைத்து வைத்தாரல்லர். அறிந்தோர் ஆராய்ந்து கூறுமாறு கடல் கடந்தும் அனுப்பி வைத்தார்.

மெய்போல் தோன்றிய பிழை

கேம்பிரிட்ஜில் ஹார்டியும் இராமானுஜனும் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாயினர். நிறுவல் என்பதன் இன்றியமையாமையை இராமானுஜன் அங்கே முழுமையாக உணர்ந்தார். அதற்குக் காரணமாக அமைந்தவற்றுள் ஒன்று பகா எண்களைப் பற்றிய அவருடைய முடிபு.

2, 3, 5, 7, 11 என்பன போன்று, 1ஆலும் தன்னாலும் அன்றி வேறு எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்கள் பகா எண்களாம். குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் அவை எத்தனை உள்ளன என்று கூறும் சூத்திரம் ஒன்றை இராமானுஜன் தம் கடிதத்தில் எழுதியிருந்தார். அதில் வரும் பிழை மிகச் சிறியது என்று அவர் நம்பினார். கணக்கிட்டுப் பார்த்த எண்களுக்கெல்லாம் அது வியக்கத்தக்க அளவு பொருந்தவும் செய்தது. ஆயினும் அவர் நம்பிய அளவுக்கு அது துல்லியமானதன்று என்பதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர்.

இவ்வாராய்ச்சியில் குறியைப் பற்றிய வியப்பொன்று உண்டு. 10 இலட்சத்துக்கு உட்பட்ட பகா எண்கள் 78,498. அறிஞர் காஸ் கருதிய முறைப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 130 மிகையாக வரும். அறிஞர்கள் கணக்கிட்ட ஒவ்வோர் எல்லையிலும் அம்முறை மிகையான விடையையே தந்தது. குறைவான விடையை ஒருமுறையேனும் தந்ததில்லை. ஆகவே எக்காலும் மிகையே வரும் என்று பலர் எண்ணினர். 1914ஆம் ஆண்டில் லிட்டில்வுட், அவ்வேறுபாடு மிகையிலிருந்து குறைவாகவும், குறைவிலிருந்து மிகையாகவும் முடிவின்றிக் குறி மாறிக்கொண்டே செல்லும் என்று மெய்ப்பித்தார். அம்மாற்றம் முதன்முதலில் நிகழும் எண் மிகமிகப் பெரியது. இன்றுவரை எவரும் அதனைச் சரியாக எழுதிக் காட்டியதில்லை.

சரிபார்த்தலின் ஆற்றலும் எல்லையும் இதனால் நன்கு புலனாகின்றன. ஒரு சமன்பாட்டுக்கு 9, 4 என்று விடை கூறினால், அதனை இட்டுப் பார்த்த அளவிலேயே ஐயம் அகன்றுவிடும். எல்லா எண்களுக்கும் பொருந்தும் விதி இது என்று கூறினாலோ, ஆயிரம் எண்களை இட்டுப் பார்த்தாலும் போதாது. அவ்விதியைத் தகர்க்க ஓர் எண் போதும். நிலைநாட்டவோ நிறுவல் வேண்டும்.

தம் முடிபு பிழைபட்டது கண்டு இராமானுஜன் சோர்ந்துவிடவில்லை. ஹார்டியுடன் சேர்ந்து வேறொரு பெரும் பணியில் ஈடுபட்டார். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரித்து எழுதலாம். 10ஐ 42 வகையாகப் பிரிக்கலாம். எண் வளர வளர வகைகளும் மலைபோல் வளர்கின்றன. அவற்றின் தொகையைக் கூறும் சூத்திரத்தை இருவரும் கண்டனர். அதன் உண்மையைச் சோதிக்க, மக்மகான் என்னும் அறிஞர் வேறு வழியில் 200 வரையுள்ள எண்களுக்குக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை அமைத்துத் தந்தார். 200ஐப் பிரிக்கும் வகைகள் 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388 என்று அட்டவணை கூறியது. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டிப் பார்த்தபோது, அதே எண்ணும் அதற்குமேல் 0.004 என்னும் சிறு பின்னமும் கிடைத்தன. ஒரே விடையை இரு வேறு வழிகளில் காண்பது சரிபார்த்தலின் மிகச் சிறந்த முறை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

புகழும் பிரிவும்

1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், பின்னர் டிரினிடிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் முதல் உலகப் போரின் காரணமாக உணவுப் பொருள்கள் அருகிய அக்காலத்தில், மரக்கறி உணவன்றிப் பிறிதொன்றும் கொள்ளாத அவருடைய உடல் நலிந்தது. 1917ஆம் ஆண்டு முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பொழுதைக் கழித்தார்.

அத்தகைய விடுதி ஒன்றுக்கு அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பொன்றும் இல்லை என்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வகையில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று இராமானுஜன் உடனே விடை பகர்ந்தார். 12இன் கனம் 1728; அதனோடு 1இன் கனத்தைக் கூட்ட 1729. 10இன் கனம் 1000; 9இன் கனம் 729; அவற்றின் கூட்டுத்தொகையும் 1729. இக்கூற்றிலும் குறியைப் பேணுதல் வேண்டும். கழித்தற்குறி உடைய எண்களையும் சேர்த்துக்கொள்வதாயின் 91 என்னும் சிறிய எண்ணே போதும். 6இன் கனமாகிய 216இலிருந்து 5இன் கனமாகிய 125ஐக் கழித்தால் 91. 4இன் கனமாகிய 64ஐயும் 3இன் கனமாகிய 27ஐயும் கூட்டினாலும் 91.

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமானுஜன் தாயகம் திரும்பினார். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சில திங்களும், கும்பகோணத்தில் சில திங்களும் தங்கியும் நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தபடியே கணக்குகளை எழுதிக் குவித்தார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவருடைய ஆவி பிரிந்தது.

எஞ்சிய தாள்கள்

அவர் விட்டுச்சென்ற தாள்களுள் ஒன்றில், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது கனத்தினின்று 1 மட்டுமே வேறுபடும் எண்கள் வரிசையாகக் கிடைக்கும் வழி காணப்படுகின்றது. 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172இன் கனத்தினும் 1 குறைவாக வரும். 11161, 11468 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 14258இன் கனத்தினும் 1 மிகையாக வரும். இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழித்தற்குறியும் கூட்டற்குறியும் மாறிமாறி வருகின்றன.

இவ்வளவு பெரிய எண்களில் குறி சரிதானா என்று அறிய முழுக் கணக்கையும் செய்ய வேண்டுவதில்லை. கடைசி இலக்கத்தை நோக்கினால் போதும். 135இன் கனம் 5இல் முடியும். 138இன் கனம் 2இல் முடியும். எனவே கூட்டுத்தொகை 7இல் முடியும். 172இன் கனம் 8இல் முடியும். 8இலிருந்து 1ஐக் கழித்தால் 7 வருகின்றது. கூட்டினால் 9 வந்து பொருந்தாமற்போகின்றது. ஆகவே இவ்விடத்தில் கழித்தற்குறியே இருத்தல் வேண்டும். மற்றதில் 11161இன் கனம் 1இலும், 11468இன் கனம் 2இலும் முடிவதால் கூட்டுத்தொகை 3இல் முடியும். 14258இன் கனம் 2இல் முடியும். ஆகவே அங்கே கூட்டற்குறியே பொருந்தும். விடை முழுவதும் சரி என்பதை இச்சோதனை மெய்ப்பிக்காது. ஆனால் குறி தவறியிருந்தால் அதனை நொடிப்பொழுதில் காட்டிக்கொடுத்துவிடும்.

இராமானுஜனின் இறுதி ஆண்டுத் தாள்கள் நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்து, 1976ஆம் ஆண்டில் டிரினிடிக் கல்லூரி நூலகத்தில் ஆண்டுரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. அவருடைய குறிப்பேடுகளில் உள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளைப் பெர்ண்ட் என்னும் அறிஞர் பிறருடைய துணையோடு ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டு முதல் 1998ஆம் ஆண்டு வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் பிழைபட்டவை மிகச் சிலவே. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இராமானுஜனைப் போல் விடை காணும் ஆற்றல் நூற்றாண்டுக்கு ஒருவருக்கே வாய்க்கலாம். கண்ட விடையைச் சோதிக்கும் பொறுமையோ முயலும் மாணவர் எல்லார்க்கும் வாய்க்கக் கூடியது. கணக்கை முடித்தபின், விடையைக் கொடுத்த சமன்பாடுகள் அனைத்திலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். ஓர் உறுப்பைச் சமக்குறியின் மறுபுறம் கொண்டு செல்லும்போதும், அடைப்பை நீக்கும்போதும், வர்க்கப்படுத்தும்போதும் குறியை மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். விடை பொருந்தாவிடின் அழித்துவிட்டு அஞ்சி நிற்றல் கூடாது. படிகளை வரிசையாக எழுதி வைத்து, குறி எங்கே பிறழ்ந்தது என்று தேடிக் காண வேண்டும். இவ்வாறு பழகும் மாணவன் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்வான்.